போத்து, பதியம், கலம்

ஒரு செடியின் கிளையை வெட்டி நட்டு, அதையே புதுச் செடியாக்கும் வேலைக்குத் தமிழில் ஒரே பெயர் கிடையாது. முருங்கைக்கு வெட்டினால் போத்து. கரும்புக்கு வெட்டினால் கரணை. மரவள்ளிக்குக் குச்சி. மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் பதியம். பேச்சில் பதியன் என்போம். வாழைக்கு வெட்டுவதே இல்லை, பக்கக் கன்றைப் பெயர்த்து வைக்கிறோம். இத்தனை பெயர்கள் இருப்பதே நம்மவர்கள் இந்த வேலையை எவ்வளவு காலமாகக் கைப்பழக்கமாகச் செய்து வந்தார்கள் என்பதற்குச் சான்று எனலாம். மும்பைக்கு வந்தால் எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. மராட்டியரும் குஜராத்தியரும் ‘கலம்’ என்பார்கள். எழுதுகோலுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். இரண்டும் முனையைச் சாய்வாகச் சீவிய குச்சி அல்லவா? பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்குக் கலம் என்றால் பாத்திரம். காட்கோபருக்கு வந்த புதிதில் பக்கத்துக் கடை குஜராத்திக்காரர் “உங்க மோக்ராவிலிருந்து ஒரு கலம் கொடுங்க” என்றதும், எந்த அளவுப் பாத்திரம் என்று கேட்டேன்.

மோக்ரா என்பது நம் குண்டுமல்லிதான். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே. நாங்கள் இருக்கும் பந்த் நகர்ப் பக்கம் பழைய வீட்டுவசதி வாரியக் கட்டிடங்களை இடித்து, உயரமாகத் திரும்பக் கட்டும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இப்போது எங்கள் கட்டிடத்தின் முறை. தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். ஜன்னல், கதவு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டாகிவிட்டது. காம்பவுண்டுச் சுவரோரம் மண்ணில் நிற்கும் செடிகளுக்குத்தான் பட்டியல் இல்லை. அங்கே ஒரு குண்டுமல்லிப் புதர் இருக்கிறது. என் தாயார் வந்தவாசிப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த இரண்டு குச்சிகளில் பிழைத்த ஒன்று. தாயார் இப்போது இல்லை. கிராமத்து வீட்டையும் விற்றாயிற்று. அங்கிருந்த மூலச் செடி இருக்கிறதா என்று விசாரித்ததில், கிணற்றடியே தூர்ந்துவிட்டது என்றார்கள்.

குண்டுமல்லிக்கு இது உயிர்ப் பிரச்சினை. காரணம், இந்தச் செடி நம் நாட்டில் காய்த்து விதை விடுவதில்லை. பூவோடு முடிந்துவிடும். ஆகவே இன்று உள்ள எந்தக் குண்டுமல்லியும் இன்னொரு குண்டுமல்லியின் துண்டு. யாரோ ஒருவர் வெட்டி வைத்ததால் மட்டுமே அது இருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். அந்த மல்லிக்குச் செடி எங்கிருந்து வருகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. பாம்பன் தீவில் இராமேசுவரம் போகும் வழியில் தங்கச்சிமடம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மணற்பாங்கான நிலத்தில் குச்சி ஊன்றி, வேர்விட்ட பதியன்களைக் கட்டுக்கட்டாக மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். மதுரையின் பெயரோடு விற்கும் பூவுக்குத் தாய்வீடு கடற்கரை மணல் என்பது குறிப்பிடத்தக்கது. இதே இனம்தான் சங்கரபுரத்தில் உடுப்பி மல்லிகை, ஹவாயில் பிகாகே, பிலிப்பைன்சில் சம்பகிதா. அங்கே 1934 முதல் அது தேசிய மலர். கடல் கடந்து போனவையும் பதியமாகத்தான் போயிருக்க வேண்டும்.

இனி நூல்களுக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் செடிகொடிகளை ஓரறிவு உயிர் என்று வகுத்தது. வெளிப்புறம் வைரம் உள்ளதைப் புல் என்றும், உட்புறம் வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்தது. தென்னையும் பனையும் இந்தக் கணக்கில் புல். பதியம் வைப்பவனுக்கு இந்தப் பிரிவு பாதி உதவும். ‘மரம்’ என்று தொல்காப்பியர் சொன்னவற்றில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் மெல்லிய திசு ஒன்று இருக்கிறது. கிளையை வெட்டி ஊன்றினால் பெரும்பாலும் அதன் அருகிலிருந்துதான் புது வேர் புறப்படும். தென்னையிலும் பனையிலும் அந்தத் திசு கிடையாது. மட்டையை வெட்டி ஊன்றினால் மட்டை மக்கும், அவ்வளவுதான். பாதி என்று ஏன் சொன்னேன்? கரும்பும் மூங்கிலும் புல் வகைதான், ஆனாலும் துண்டிலிருந்து முளைக்கின்றன. கரும்பை உற்றுப் பாருங்கள். கணுவை ஒட்டி வரிசையாகச் சின்னப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். அவை உறங்கும் வேர்கள். நிலத்தில் புதைத்ததும் விழித்துக்கொள்ளும்.

சமண நூல்களில் இதைவிட நுணுக்கமான பிரிவு உண்டு. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் சிலையை எடுப்பித்த சாமுண்டராயருக்காக, 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய பிராகிருத நூல் கோமடசாரம். அதன் சீவகாண்டத்தில் செடிகொடிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை வைத்தே அவற்றை வகைப்படுத்துகிறார். வேரே வித்தாக உள்ளவை, நுனியே வித்தாக உள்ளவை, கணுவே வித்தாக உள்ளவை (கரும்பு), கிழங்கே வித்தாக உள்ளவை, தண்டே வித்தாக உள்ளவை, விதையிலிருந்து முளைப்பவை (நெல், கோதுமை), எந்த வித்தும் இன்றித் தாமாகத் தோன்றுபவை என்று ஏழு. கடைசி ஒன்றை விட்டுவிட்டால் இன்றைய தோட்டக்கலைப் புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கம் போலவே இருக்கிறது. பௌத்த விநய நூலும் இதே போல ஐந்து வகை சொல்கிறது. ஆக, அந்தக் காலத்துத் துறவிகள் தோட்டக்காரனைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். எதை மிதிக்கக் கூடாது, எதைப் பறிக்கக் கூடாது என்று முடிவு செய்ய எது உயிர் தரித்திருக்கிறது என்பது தெரிய வேண்டுமே. நீலகேசியில் பௌத்தரோடு நடக்கும் வாதங்களில் செடிகொடிக்கு உயிர் உண்டா என்பதும் ஒன்று.

“எல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்” என்று முடிக்கும் கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. நேமிசந்திரருக்கு உயிரணு தெரியாது, ஹார்மோன் தெரியாது. ஆனால் அவர் சொல்லும் ஓர் அடையாளத்தை இங்கே எடுத்துக்காட்ட வேண்டும். எந்தச் செடிப் பகுதியில் நரம்பும் மூட்டும் கணுவும் இன்னும் தெளிவாகத் தெரியவில்லையோ, எது ஒடித்தால் நாரின்றிச் சமமாக ஒடிகிறதோ, எது வெட்டியபின் மறுபடி முளைக்கிறதோ அதில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன என்கிறார். வெட்டியபின் முளைப்பதற்கு ‘சின்னருகம்’ என்று பெயர். சின்னம் என்றால் இங்கே வெட்டுண்டது. உருளைக்கிழங்கையும் இஞ்சியையும் எங்களில் நோன்பு காப்பவர்கள் விலக்குவது இந்தக் கணக்கில்தான். இளசாக, நாரில்லாமல், பட்டென்று ஒடிகிற பகுதியில் பிரிந்து பெருகும் உயிரணுக்கள் மிகுதி என்று இன்றைய தாவரவியலும் சொல்கிறது. வேர்விடுவதும் அங்கேதான் சுலபம். இரண்டும் வேறு வேறு வழியாக ஒரே குச்சியை வந்து தொடுகின்றன.

என் பேரன் இதைப் பிடித்துக்கொண்டான். கல்லூரியில் படிக்கிறான். “தாத்தா, உருளைக்கிழங்கு சாப்பிட மாட்டேங்கறீங்க, முளைக்கிற உயிர்னு சொல்றீங்க. இப்போ கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு மல்லிகைக் கிளையை வெட்டுறீங்களே, அது மட்டும் சரியா?” நியாயமான கேள்வி. இல்லறத்தில் இருக்கும் சிராவகருக்கு ஓரறிவு உயிரை முழுதும் தவிர்க்கச் சொல்லவில்லை, தேவைக்கு மேல் தொடாதே என்பதுதான் விதி என்றேன். அவன் விடவில்லை. “பூ தேவையா?” என்றான். அதற்கு என்னிடம் சாத்திரத்தில் விடை இல்லை. தீபாவளிக்குப் பிறகு அந்த இடத்தில் மண் தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும், வெட்டாமல் விட்டால் வேரோடு போகும், வெட்டினால் சில குச்சிகளாவது நிற்கும் என்று கணக்காகச் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. ஆனால் பாலித்தீன் பைகளைக் கழுவிக் காயவைத்தது அவன்தான்.

இந்தத் தயக்கம் புதிதும் இல்லை. அநுராதபுரத்து மகாபோதியின் கதையைப் பாருங்கள். அசோகரின் மகள் சங்கமித்தை, தேவநம்பிய தீசனின் காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், புத்தகயை அரசமரத்தின் தென்கிளையை இலங்கைக்குக் கொண்டுபோனார். அது வந்து இறங்கிய சம்புகோளத் துறை இன்றைய யாழ்ப்பாணத்து மாதகல் அருகே உள்ள சம்பில்துறை என்பர். மகாவம்சம் சொல்வதன்படி, அந்த மரத்தின் மேல் ஆயுதம் படலாகாதே என்று அசோகர் கலங்கினாராம். கிளையைச் சுற்றிக் கோடு வரைய, அது தானே பிரிந்து பொற்கலசத்தில் நின்றதாம். அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அதில் தெரிவது, கிளையில் கோடு கீறி, ஈரமண் வைத்து, மரத்திலேயே வேர்விட வைத்துப் பிறகு பிரித்தெடுக்கும் விண்பதியம். மராட்டியில் இதைக் குட்டி கலம் என்பார்கள். மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் செய்வது. நடப்பட்ட காலம் ஏட்டில் உள்ள மரங்களில் உலகிலேயே பழையது அநுராதபுரத்து மரம் என்று சொல்லப்படுகிறது. புத்தகயையின் மூல மரம் போய்விட்டது. இப்போது அங்கே நிற்பது 1880களின் தொடக்கத்தில் கன்னிங்காம் காலத்தில் வைத்தது.

வெட்டிய முனைக்கு என்ன தடவுவது என்பதிலும் நம் நூல்களில் பேச்சு உண்டு. அர்த்தசாஸ்திரம் கரும்பு போன்ற தண்டு வித்துகளின் வெட்டுவாயில் தேன், நெய், பன்றிக் கொழுப்பு மூன்றையும் சாணத்தோடு கலந்து பூசச் சொல்கிறது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை பலா, மாதுளை, திராட்சை முதலானவற்றின் கிளைகளைச் சாணம் மெழுகி நடச் சொல்கிறது. கொழுப்பு எங்களுக்கு ஆகாது, தேனும் ஆகாது. மிஞ்சுவது சாணம், காட்கோபரில் அதற்கும் தபேலா தேடிப் போக வேண்டும். இவற்றின் நோக்கம் வெட்டுவாய் உலராமலும் அழுகாமலும் காப்பது. வேரை வரவழைப்பது வேறொன்று. 1928இல் ஹாலந்தின் பிரிட்ஸ் வெண்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் நாற்றின் நுனியில் சுரக்கும் ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார். ஆக்சின் என்று பெயர். இது நுனியிலும் இளம் இலையிலும் பிறந்து கீழ்நோக்கி இறங்குகிறது. வெட்டினால் மேலே போக வழியில்லை, கீழேயும் போக வழியில்லை. வெட்டுவாய்க்குச் சற்று மேலே வந்து தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் அங்கிருக்கும் உயிரணுக்களை வேராக மாற்றுகிறது. நர்சரியில் விற்கும் வேரூக்கிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் இதன் செயற்கை உறவான இண்டோல் பியூட்ரிக் அமிலம்.

இளநீரில் ஊற வைத்தால் வேர் வரும் என்று நம்மவர்கள் சொல்லுவாங்க. இளநீரில் வளர்ச்சிப் பொருள் இருப்பது உண்மை. ஆனால் அதில் பேர்பெற்றது துளிரைத் தூண்டும் வகை, வேரைத் தூண்டும் வகை அன்று. இளநீரை நீங்கள் குடித்துவிடலாம்.

ஆக்சின் கீழ்நோக்கியே இறங்கும் என்பதில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. குச்சியைத் தலைகீழாக ஊன்றினால் வேர் வராது. இலை உதிர்ந்த குச்சியில் எது மேல், எது கீழ் என்று நாளைக்கே மறந்துவிடும். ஆகவே வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிவிட வேண்டும். கடையில் சரக்குக்குக் குறி போடுவது போலத்தான்.

எங்கள் மல்லிகைக்கு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஆனியில் முதல் மழை இரண்டு வாரம் பெய்து ஓய்ந்தபின், காலையில் வெட்டினேன். மிக இளசும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பென்சில் கனத்தில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய கிளை. ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிக்கணுவுக்கு ஒட்டிக் கீழே சாய்வு வெட்டு. அரும்பு இருந்தால் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது, ஆனாலும் கிள்ள வேண்டும். வேரில்லாத குச்சி பூவுக்கும் செலவு செய்ய முடியாது. அடி இலைகளை எடுத்துவிட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கினேன். இலை வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும், கீழே வாங்க வேர் கிடையாது. வரவில்லாத கடையில் செலவைக் குறைப்பதே வழி.

மண் கூடாது. தென்னை நார்த்தூளும் மணலும் பாதிப் பாதி. இங்கே நர்சரிகளில் கோகோபீட் என்று செங்கல் மாதிரி அழுத்தி விற்பது இந்த நார்த்தூள்தான். நம் பொள்ளாச்சிப் பக்கம் இது பெருந்தொழில். இரண்டு கணு உள்ளே, இரண்டு வெளியே. மேலே பாலித்தீன் பை கவிழ்த்துக் கட்டினேன். லண்டனில் வார்டு என்ற மருத்துவர் 1829இல் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பெரணி தானாக முளைத்து வாழ்வதைக் கண்டதிலிருந்து உண்டான முறை இது. அவருடைய கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிறகு உலகமெங்கும் செடிகள் கப்பலேறின. மும்பை மழைக்காலமே ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரிதான், காற்றில் அவ்வளவு ஈரம். ஆபத்து மறுபக்கம்: நேராக மழை விழுந்தால் நார்த்தூள் சகதியாகிக் குச்சி கறுத்துவிடும். மாடிப்படி ஜன்னலில், வெளிச்சம் உண்டு வெயில் இல்லை, மழை படாது, அங்கே வைத்தேன். 40 குச்சியில் 26 பிழைத்தன. 5ஆம் வாரம் மெல்ல இழுத்துப் பார்த்தபோது பிடித்துக்கொண்டு நின்றன. இலை துளிர்ப்பதை நம்பக் கூடாது. குச்சியில் இருக்கும் சேமிப்பை வைத்தே முதல் துளிர் வந்துவிடும். வேர் வந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது.

மற்றச் செடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளசி, மணி பிளாண்ட், வெற்றிலை மூன்றும் தண்ணீரிலேயே வேர்விடும். ஆனால் தண்ணீரை வாரத்துக்கு இரண்டு தரம் மாற்றுங்கள். டெங்குக் கொசு தேடி மாநகராட்சி ஆட்கள் வரும்போது முதலில் பார்ப்பது தொட்டித் தட்டையும் இந்தப் பாட்டிலையும்தான். மணி பிளாண்ட் பூப்பதே அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர இயங்கவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அதுவும் மல்லிகை போலத் துண்டிலிருந்தே பெருகும் செடி. கறிவேப்பிலைக் கிளை எளிதில் வேர்விடாது, வம்பு வேண்டாம். வேரிலிருந்து பக்கத்தில் எழும் கன்றைப் பெயர்த்து வையுங்கள், அல்லது பழுத்த பழத்தை உடனே விதையுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை எளிது. அரளியும் எளிது; அதன் பால் நஞ்சு, குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மஞ்சள் விளிம்புள்ள ஸ்நேக் பிளாண்ட்டை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் மஞ்சள் விளிம்பு வராது, வெறும் பச்சையாக முளைக்கும். விளிம்பு வேண்டுமானால் கிழங்கோடு பிரிக்க வேண்டும். முருங்கைப் போத்து ஒரு கெஜம் நீளம், மணிக்கட்டுக் கனம். ஆனால் அதற்கு மண் வேண்டும், பால்கனியில் ஆகாத காரியம்.

பதியத்துக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே செடியின் துண்டுகள் என்பதால் ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும். குரோ மிஷல் என்ற வாழை உலகச் சந்தையை ஆண்டது. 1950களையொட்டி வாடல் நோயில் அது வியாபாரத்திலிருந்தே போய்விட்டது. நம் ரஸ்தாளிக்கும் அதே வகை நோய்தான் தொல்லை. எனவே 26 செடியையும் ஒரே மாடியில் வரிசையாக வைப்பதைவிட 26 வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பதே பாதுகாப்பு. ஒருவர் வீட்டில் போனால் இன்னொருவரிடம் கேட்டு வாங்கலாம். எங்கள் கட்டிடத்தார் புதுக் கட்டிடம் எழும்வரை முலுண்டு, டோம்பிவிலி, பத்லாப்பூர் என்று வாடகை வீடுகளுக்குச் சிதறப் போகிறோம். நான்கைந்து ஆண்டு ஆகலாம் என்கிறார்கள், அதற்கு மேலும் ஆகலாம். முதல் செடி கேட்டு வந்தவர் இரண்டாம் மாடி குஜராத்தி அம்மாள். அவர் சதுர்மாசத்தில் பச்சைக் கீரையைக்கூடத் தொடாதவர். “பாய், வெட்டுனது நீங்க, நான் தண்ணி மட்டும் ஊத்தறேன்” என்று வாங்கிப் போனார்.

பெயர் கொடுத்தவர்கள் புரட்டாசி பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் வேர் நன்றாகப் பிடித்திருக்கும். ஓர் அடி விட்டமுள்ள தொட்டி, அடியில் துளை, செம்மண்ணோடு மக்கிய எரு. முதல் பத்து நாள் நிழல், பிறகு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம். கிழக்கோ தெற்கோ பார்த்த ஜன்னல் இல்லாதவர்கள் மொட்டைமாடியில் வையுங்கள், இல்லாவிட்டால் கொடியாக நீளுமே தவிரப் பூக்காது. முதல் ஆண்டு நாலு பூ பூத்தால் போதும் என்றிருங்கள். கார்த்திகைக் கடைசியில் ஒரு முழம் உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறையுங்கள். மாசியில் எரு வைத்து நீர் விட்டால் புதுக் கிளையில் அரும்பு கட்டும். வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். குளிர்காலத்தில் வேர்விட இரண்டு வாரம் கூடுதலாகும், பை கவிழ்க்க வேண்டும். மற்றபடி முறை ஒன்றுதான்.